விஞ்ஞானியும் ஒரு விண்ணப்பதாரர்தான்

(அரசு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் திட்டப் பிரிவில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர், நூலக வாசகர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



முதலில் ஒரு கேள்வி. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேர் இ-சேவை வழியாக ஏதாவது ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கீங்க? கையைத் தூக்குங்க. சரி, தூக்காத கையை எண்ணுறதுதான் சுலபம் போலிருக்கு. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று ஏதோ ஒன்று. ஆவணத்தை போட்டோ எடுத்து ஏற்றி, ஓடிபி அடித்து, சமர்ப்பித்ததும் ஒரு எண் வரும். அதற்கப்புறம் தினமும் அந்த எண்ணைப் போட்டுப் பார்ப்போம். "நிலுவையில் உள்ளது" என்று வந்தால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். யார் மேசையில் இருக்கு, ஏன் இருக்கு, யாரைக் கேட்பது, ஒன்றும் தெரியாது.

இதே நிலைமையில்தான் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள் என்று சொன்னால் நம்புவீங்களா? அவங்களும் விண்ணப்பம் போடுறாங்க, காத்திருக்கிறாங்க, ஸ்டேட்டஸ் பார்க்கிறாங்க. நான் அந்தக் கவுண்டருக்கு உள்பக்கம் இருந்தவன்.

நான் விஞ்ஞானி இல்லை. பி.காம். படித்துவிட்டு உதவியாளராக வேலைக்குச் சேர்ந்து, பிற்பாடு திட்டப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தவன். எங்கள் நிறுவனத்து விஞ்ஞானிகளின் நிதி விண்ணப்பங்கள் என் மேசை வழியாகத்தான் வெளியே போகும். வருகிற பணத்தின் கணக்கும் என் மேசை வழியாகத்தான் திரும்பிப் போகும். அந்த மேசையில் நான் கற்றதையும், நான் செய்த ஒரு தப்பையும் இன்றைக்குச் சொல்லப் போறேன். உங்க பணம் எப்படிச் செலவாகுது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கு என்பதால் சொல்றேன்.

சம்பளம் இருக்கே, நிதி எதுக்கு?

இதைப் பல பேர் கேட்பாங்க. "அரசாங்க விஞ்ஞானிக்கு மாசாமாசம் சம்பளம் வருது. லேப் இருக்கு, கட்டடம் இருக்கு. அப்புறம் எதுக்குத் தனியா விண்ணப்பம்?"

நிறுவனத்துக்கு வருகிற வழக்கமான ஒதுக்கீடு சம்பளம், மின்சாரம், பராமரிப்பு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைகள் ஆகியவற்றுக்கே பெரும்பாலும் சரியாகப் போய்விடும். ஒரு விஞ்ஞானிக்குப் புதிதாக ஒரு கேள்வி தோன்றினால், அதற்கு ஆள் வேண்டும், ரசாயனம் வேண்டும், கருவி வேண்டும், ஊர் ஊராகப் போய் மாதிரி எடுக்க வண்டி வேண்டும். இதற்கான பணத்தை அவர் போட்டியிட்டு வாங்க வேண்டும்.

கொடுக்கிறவர்கள் பல பேர். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று துறைவாரியாக இருக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான எஸ்.இ.ஆர்.பி. என்ற வாரியம் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தது. 2023-இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்து, அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்று ஒன்றை அமைத்தது. பழைய வாரியம் அதோடு சேர்ந்துவிட்டது. பிரதமர்தான் அதன் ஆட்சிக்குழுத் தலைவர். நம்ம மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இருக்கு.

பெயர் எதுவாக இருந்தாலும், பணம் வருகிற ஊற்று ஒன்றுதான். நீங்க சோப்பு வாங்கும்போது கட்டுற ஜி.எஸ்.டி.யும் அதில் இருக்கு.

விண்ணப்பம் போகிற வழி

ஒரு விண்ணப்பம் எப்படிப் போகும் என்று சுருக்கமாகச் சொல்றேன்.

நிதி தரும் அமைப்பு இணையதளத்தில் அறிவிப்பு போடும். இன்ன தலைப்பில், இன்ன தேதிக்குள் என்று. விஞ்ஞானி திட்ட வரைவு எழுதுவார். என்ன கேள்வி, இதுவரை யார் என்ன செய்திருக்கிறார்கள், எப்படிச் செய்யப் போகிறோம், எத்தனை மாதம், எவ்வளவு பணம். பணத்தைத் தலைப்பு தலைப்பாகப் பிரிக்க வேண்டும். கருவிக்கு இவ்வளவு, ஆள் சம்பளத்துக்கு இவ்வளவு, ரசாயனம் மாதிரியான நுகர்பொருளுக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு, சில்லறைச் செலவுக்கு இவ்வளவு. இது போக நிறுவனத்தின் மேல்செலவுக்கு ஒரு பங்கு.

அப்புறம் அனுமதிகள். மனிதர்களிடம் ரத்தம் எடுக்கணும், கேள்வி கேட்கணும் என்றால் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். விலங்கு என்றால் அதற்குத் தனிக் குழு. மரபணு மாற்றிய கிருமி என்றால் உயிரிப் பாதுகாப்புக் குழு. நம்ம நாட்டுத் தாவரத்தையோ நுண்ணுயிரையோ வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்து ஆராய்கிற வேலை என்றால் பல்லுயிர்ச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அதற்கான தேசிய ஆணையத்தின் தலைமையகமே நம்ம சென்னையில்தான் இருக்கு.

கடைசியாக, நிறுவனத் தலைவர் ஒப்புதல் கடிதம் தர வேண்டும். "இந்த விஞ்ஞானி எங்களிடம் பணிபுரிகிறார், இடமும் வசதியும் தருகிறோம், கணக்குக்கு நாங்கள் பொறுப்பு" என்று கையெழுத்தும் முத்திரையும். ஒரே ஒரு பக்கம். ஆனால் அது இல்லாமல் விண்ணப்பம் முழுமையாகாது. அந்த ஒரு பக்கம் என் பிரிவின் வேலை.

உள்ளே போனபின் அதே துறையில் வேலை செய்யும் வேறு நிபுணர்கள் படித்து மதிப்பிடுவார்கள். தேறினால் குழு முன் விளக்கச் சொல்வார்கள். நிராகரித்தால் குறிப்பு வரும். நான் அந்தக் குறிப்புகளை நிறையப் படித்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வருகிற காரணங்கள் நாலைந்துதான். கேள்வி தெளிவாக இல்லை. செய்முறை கேள்விக்குப் பதில் தராது. ஏற்கெனவே இருக்கிற கருவியை மறுபடி கேட்டிருக்கிறார்கள். மூன்று ஆண்டில் முடியாத வேலையை முடிப்பதாக எழுதியிருக்கிறார்கள். இதெல்லாம் விஞ்ஞானியின் பக்கம். நிபுணர் படித்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கு. அடுத்த தடவை திருத்திப் போடலாம்.

யாருமே படிக்காமல் ஒரு விண்ணப்பம் செத்துப்போனால்? அது எங்க பக்கம்.

ஐந்து மணிக்கு மூடிய கதவு

எங்க நிறுவனத்தில் ஒரு விஞ்ஞானி அம்மா இருந்தாங்க. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அவங்க துறை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கு. பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கணும், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் வளருகிற பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். ரொம்ப அதிகமான அளவை வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பையே பாதிக்கும். நிறம் இல்லை, வாசனை இல்லை, குடிக்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் வற்றுவதால் அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

அந்த அம்மா நான்கு ஒன்றியங்களில் பள்ளிக்கூட போர்வெல்களைச் சோதிக்க ஒரு திட்டம் எழுதினாங்க. கோடையில் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு தடவை. அளவு பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் இரண்டும் வேண்டும்.

விண்ணப்பத்தின் கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை, மாலை 5 மணி. ஒப்புதல் கடிதத்துக்கான வரைவு முந்தைய வியாழக்கிழமையே என் மேசைக்கு வந்துவிட்டது. அன்றைக்குத் தணிக்கைக் குழு வந்திருந்தது. அவர்கள் கேட்ட பழைய பில்களைத் தேடிக்கொண்டிருந்தேன். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று ஓரமாக வைத்தேன். மேலே இன்னும் நான்கு கோப்பு வந்து உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் டெல்லி போய்விட்டார்.

திங்கட்கிழமை மதியம்தான் திரும்பி வந்தார். மூன்றரை மணிக்குக் கையெழுத்து ஆனது. ஓடிப்போய் ஸ்கேன் செய்தோம். ஏற்றினால், கோப்பு அளவு அதிகம் என்று போர்ட்டல் திருப்பி அனுப்பியது. கலரில் ஸ்கேன் செய்திருந்தோம். மறுபடி கருப்பு வெள்ளையில் எடுத்து, அளவு குறைத்து, ஏற்றும்போது மணி நாலே முக்கால். நாடு முழுக்க எல்லாரும் அதே நேரத்தில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள் போல. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்கு, காலம் முடிந்தது என்று வந்தது.

அந்த அம்மா கத்தவில்லை. யாரையும் குற்றம் சொல்லவில்லை. "அடுத்த அறிவிப்பு எப்ப சார் வரும்?" என்று மட்டும் கேட்டாங்க. "அநேகமா அடுத்த வருஷம் மேடம்" என்றேன். மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு போனாங்க.

இதில் என்னை உறுத்துவது என்ன தெரியுமா? நான் எந்த விதியையும் மீறவில்லை. லஞ்சம் வாங்கவில்லை. விடுப்பில்கூட இல்லை. வரவுப் பதிவேட்டில் வியாழன் தேதி இருக்கு, அனுப்புப் பதிவேட்டில் திங்கள் தேதி இருக்கு, நடுவில் ஒரு சனி ஞாயிறு. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். தப்பு நடந்ததற்கான அடையாளமே கோப்பில் இல்லை. அதனால் எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை.

பெயரோடு ஒரு பட்டியல்

அதற்கப்புறம் சில விஷயங்களை மாற்றினோம். பெரிய கம்ப்யூட்டர் திட்டம் எல்லாம் இல்லை. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

முதலாவது, எங்களுக்குள்ளேயே ஒரு கடைசி நாள். வெளியே என்ன தேதியோ, அதற்குப் பத்து நாள் முன்னால் எல்லாக் காகிதமும் தயாராக இருக்கணும்.

இரண்டாவது, இயக்குநர் ஊரில் இல்லாதபோது கையெழுத்திட இன்னொரு மூத்த அதிகாரிக்கு எழுத்துப்பூர்வமான அதிகாரம். இதைக் கேட்டு ஒரு குறிப்பு வைத்தேன். இயக்குநர் அன்றைக்கே ஒப்புதல் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, ஏற்றிப் பார்க்கிற சோதனை. ஒவ்வொரு போர்ட்டலிலும் எந்த வகைக் கோப்பு, எத்தனை எம்.பி. வரை என்று ஒரு தாளில் எழுதி ஸ்கேனர் பக்கத்தில் ஒட்டினோம்.

நான்காவதுதான் கஷ்டமானது. எல்லா விஞ்ஞானிகளும் பார்க்கும்படி ஒரு பட்டியல். விண்ணப்பத்தின் பெயர், இப்போது யார் மேசையில், எத்தனை நாளாக. மூன்று நாள் தாண்டினால் அந்த வரி சிவப்பாகும். என் பிரிவில் இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. "எங்க பேரை ஏன் சார் ஊருக்கே காட்டணும்?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதனால் முதலில் என் பெயரைப் போட்டேன். இரண்டாவது வாரமே சிவப்பான முதல் வரி என்னுடையதுதான். எல்லாரும் சிரித்தாங்க. அதற்குப் பிறகு யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அந்தப் பட்டியல் வந்தபின் என் மேசைக்கு வருகிற போன் அழைப்புகள் பாதிக்குமேல் குறைந்தன. ஜனங்கள் போன் செய்வது நம்மைத் தொந்தரவு செய்ய இல்லை. அவர்களுக்கு ஒன்றும் தெரியாததால்தான் செய்கிறார்கள்.

பணம் வந்த பிறகு

நிதி ஒப்புதல் ஆணை வந்ததும் எல்லாரும் இனிப்பு கொடுப்பார்கள். திட்டப் பிரிவுக்கு அன்றைக்குத்தான் வேலை ஆரம்பம்.

பணம் தவணையாக வரும். கருவிக்கு வந்ததை ஆள் சம்பளத்துக்குக் கொடுக்க முடியாது. தலைப்பு மாற்ற வேண்டுமென்றால் அதற்கு முறை இருக்கு. வாங்குவதற்கும் விதி இருக்கு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, அதோடு ஜெம் என்கிற அரசுக் கொள்முதல் தளம். சிறு தொகை என்றால் நேரடியாக வாங்கலாம், அதற்கு மேல் கொள்முதல் குழு, அதற்கும் மேல் டெண்டர்.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். "குறைந்த விலை போட்டவர்களிடம்தான் வாங்கணும், அதனால் மட்டமான பொருள்தான் வருது" என்று பலர் சொல்வாங்க. விதி அப்படிச் சொல்லவில்லை. நமக்குத் தேவையான தரத்தை முதலில் தெளிவாக எழுதணும், அந்தத் தரத்தில் தேறியவர்களில்தான் குறைந்த விலையைப் பார்க்கணும். ஃப்ளோரைடு அளக்கிற மின்முனை வாங்கும்போது "நல்ல தரமான மின்முனை" என்று எழுதினால் எது வேண்டுமானாலும் வரும். எவ்வளவு குறைந்த அளவு வரை காட்டணும், எந்த மீட்டரோடு பொருந்தணும் என்று எழுதினால்தான் சரியானது வரும். ஒரே ஒரு நிறுவனம்தான் அதைத் தயாரிக்கிறது என்றால், காரணம் எழுதிச் சான்று கொடுத்து அவர்களிடமே வாங்கவும் விதியில் இடம் இருக்கு. விதியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் அதை முழுசாகப் படிக்காதவர்கள்தான். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

312 ரூபாய்

நிதியாண்டு முடிந்ததும் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பணும். படிவம் 12-ஏ என்பார்கள். வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு. மானியப் பணத்துக்கு வங்கியில் வட்டி கிடைத்திருந்தால் அதையும் அரசுக்குத் திருப்பிக் கட்டணும். அது பொதுப்பணம், அதில் கிடைக்கிற வட்டியும் பொதுப்பணம். இந்தச் சான்றிதழ் சரியாகப் போகாவிட்டால் அடுத்த தவணை வராது.

ஒரு திட்டத்தில் மார்ச் 31-ஆம் தேதி வங்கி வரவு வைத்த வட்டி 312 ரூபாயை எங்க கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டோம். செலவு அறிக்கையில் ஒரு தொகை, சான்றிதழில் இன்னொரு தொகை. நிதி கொடுத்த இடத்திலிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. அது பொது அஞ்சல் பெட்டிக்கு வந்ததால், யாரோ பார்ப்பார்கள் என்று எல்லாரும் நினைத்து, மூன்று வாரம் யாரும் திறக்கவில்லை. திறந்து, திருத்தி, மறுபடி கையெழுத்து வாங்கி அனுப்பி, அவர்கள் வரிசையில் நம் முறை வந்து, தவணை வந்து சேர ஐந்து மாதம் ஆனது.

அந்தத் திட்டத்தில் ஒரு தம்பி இளநிலை ஆய்வாளராக இருந்தான். நெட் தேர்வு எழுதித் தேறியவன். இப்போது அந்தப் பணிக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். 2023 ஜனவரியிலிருந்து அந்தத் தொகை. அதற்கு முன் 31,000. தவணை வராததால் அவனுக்கு ஐந்து மாதமும் ஒன்றும் வரவில்லை. ஆனால் தினமும் காலையில் வந்து வேலை செய்தான். நான்காவது மாதம் என் மேசைக்கு வந்து நின்றான். "சார், மெஸ் பாக்கியைக்கூடச் சமாளிச்சுக்குவேன். வீட்டுல அம்மா, கவர்மென்ட் ஆபீஸ்ல வேலைன்னு சொன்னியேடா, நிஜம்தானான்னு கேக்குறாங்க" என்றான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே ஒரு குறிப்பு எழுதினேன். தவணை தாமதமானால் ஆய்வாளர்களின் உதவித்தொகையை நிறுவனத்தின் சொந்த நிதியிலிருந்து முன்பணமாகக் கொடுத்துவிட்டு, தவணை வந்ததும் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று. நிதி அலுவலர் நாலு கேள்வி கேட்டார். கேட்க வேண்டிய கேள்விகள்தான். பதில் கொடுத்தோம், ஒப்புதல் கிடைத்தது. அந்தத் தம்பிக்கு அது உதவவில்லை, அதற்குள் தவணை வந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு உதவியது.

312 ரூபாய்க்குக் கணக்குக் கேட்டது தப்பு என்று சொல்லமாட்டேன். ஒரு ரூபாய்க்கும் கேட்கத்தான் வேண்டும். கேள்வி வந்த மின்னஞ்சலை மூன்று வாரம் திறக்காமல் விட்டதுதான் தப்பு.

சேத்துப்பட்டில் கேட்ட ஒரு கேள்வி

இவ்வளவு பாடுபட்டு ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதால் நமக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நம்ம ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கு.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தியது. சேத்துப்பட்டில் இன்றைக்குத் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அங்கே கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. காசநோயாளியை சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்துத்தான் ஆகணுமா, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் குணமாகாதா? நம்ம சென்னையின் ஏழைக் குடும்பங்களில், நெரிசலான வீடுகளில் இருந்தவர்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்து ஒழுங்காகப் போனால் வீட்டுச் சிகிச்சையும் சானடோரியத்துக்கு ஈடாகவே பலன் தருகிறது, வீட்டில் இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று 1959-இலிருந்து முடிவுகள் வெளியாயின. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு நகர்ந்ததில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த ஆய்வுக்கும் யாரோ ஒரு எழுத்தர் கணக்கு எழுதியிருப்பார், யாரோ மருந்துக்கு இன்டென்ட் போட்டிருப்பார். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் மருந்து நேரத்துக்கு வந்திருக்கணும், இல்லையா? வந்ததால்தான் விடை கிடைத்தது.

நீங்க என்ன செய்யலாம்?

இந்தக் கூட்டத்தில் மாணவர்கள் இருக்கீங்க, பெற்றோர் இருக்கீங்க, தொழில் செய்கிறவர்கள் இருக்கீங்க. உங்க போனிலிருந்தே செய்யக்கூடிய சில விஷயங்கள் சொல்றேன்.

ஒன்று, நீங்களும் விண்ணப்பிக்கலாம். பள்ளி மாணவர்களுக்கு இன்ஸ்பயர் மானக் என்ற திட்டம் இருக்கு. பிள்ளையின் சொந்த யோசனையைப் பள்ளிக்கூடமே இணையத்தில் பரிந்துரைக்கணும். தேர்வானால் 10,000 ரூபாய் அந்த மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். "எங்க பள்ளியிலிருந்து இந்த வருஷம் அனுப்பியாச்சா?" என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்க. கல்லூரி மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களுக்கு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் உதவுகிறது. உயிரித் தொழில்நுட்பத்தில் புது முயற்சி செய்கிறவர்களுக்கு பைராக் அமைப்பின் பிக் திட்டத்தில் 50 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு.

இரண்டு, கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. கோப்பு அளவு, புகைப்பட அளவு, பெயரில் உள்ள எழுத்து எல்லாவற்றையும் முன்னாடியே சரிபாருங்க. ஒப்புகை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. இது எல்லா விண்ணப்பத்துக்கும் பொருந்தும்.

மூன்று, இடைத்தரகர் வேண்டாம். "டெல்லியில் ஆள் இருக்கு, மானியம் வாங்கித் தர்றேன், முன்பணம் கட்டுங்க" என்று போன் வந்தால் அது மோசடி. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீங்க.

நான்கு, கேளுங்க. பொதுப்பணத்தில் நடக்கிற ஆராய்ச்சியைப் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் கேட்கலாம். மத்திய அரசு நிறுவனம் என்றால் ஆர்.டி.ஐ. ஆன்லைன் தளத்தில் போனிலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளுக்குள் பதில் தரணும். காப்புரிமை சம்பந்தப்பட்ட விவரங்களுக்கு விலக்கு உண்டு. மற்றபடி எந்தத் திட்டம், எவ்வளவு தொகை, என்ன நிலை என்று கேட்பது உங்க உரிமை. அலுவலகத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்றேன், கேள்வி வரும் என்று தெரிந்தாலே கோப்பு நகரும்.

ஐந்து, உங்க வீட்டு போர்வெல் தண்ணீரைச் சோதித்துப் பாருங்க. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பொதுமக்களும் சோதிக்கலாம்.

அந்த ஒரு வருஷம்

அந்த ஃப்ளோரைடு அம்மா என்ன ஆனாங்க என்று கேட்பீங்க.

அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிச்சாங்க. இந்தத் தடவை கடிதம் பதினோரு நாள் முன்னாடியே தயார். நிதியும் கிடைத்தது. ஆனால் அந்த வருஷம் கேட்டதைக் குறைத்துத்தான் கொடுத்தாங்க. நான்கு ஒன்றியம் இரண்டாகச் சுருங்கியது. போர்வெல் போர்வெல்லாகப் போய் மாதிரி எடுத்தாங்க. சில பள்ளிகளில் 1.5-க்கு மேல் இருந்தது. அறிக்கை மாவட்ட நிர்வாகத்துக்குப் போய், அந்தப் பள்ளிகளில் குடிக்கிறதுக்கு வேறு தண்ணீர் ஏற்பாடு செய்தாங்க.

ஒரு நாள் அறிக்கைப் பிரதியை என் மேசையில் கொண்டுவந்து வைத்தாங்க. "உங்களுக்கும் ஒண்ணு சார்" என்றாங்க. அவ்வளவுதான். பழசை அவங்க ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு கணக்குப் போட்டேன். முதல் வருஷமே போயிருந்தால் அந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் முன்னாடி நல்ல தண்ணீர் கிடைத்திருக்கும். பல் முளைக்கிற வயசில் விழுந்த கறை திரும்ப மறையாது. விட்டுப்போன இரண்டு ஒன்றியங்கள் நான் ஓய்வுபெறும் வரைக்கும் அந்த ஆய்வில் சேரவில்லை.

நான் ஓரமாக வைத்தது ஒரு பக்கக் காகிதம். அதன் அடுத்த முனையில் ஒரு பள்ளிக்கூடக் குழாய் இருந்தது. அது எனக்குத் தெரியாமல் போச்சு.

இங்கே அரசு அலுவலகத்தில் வேலை செய்கிற தம்பி தங்கைகள் யாராவது இருந்தால், நாளைக்குக் காலையில் உங்க மேசையில் அடியில் இருக்கிற கோப்பை முதலில் எடுங்க. மற்றவங்க, உங்க விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் தயங்காமல் போய்க் கேளுங்க. மரியாதையாகக் கேளுங்க, ஆனால் கேளுங்க.